தாழ்ப்பாள் இல்லாத ஊர்

"உங்கள் பதினான்காம் எண் ஆட்டக்காரருக்கு ஏதோ கோளாறு இருக்கிறது. தயவுசெய்து சரிபார்க்கவும்."

போடியிலிருந்து ரஹ்மத் என்ற கணக்கு டீச்சர் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். ஆறு மாதமாக ஒரு ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறாராம். மலைக்கோட்டைச் சிறையிலிருந்து நான்கு கைதிகள் தப்பிக்கிற கதை. எங்கள் நிழல்களை வைத்து அறுபது தடவை ஆடிப் பார்த்திருக்கிறார். மற்ற நிழல்கள் ஒழுங்காக ஆடுகின்றன. பதினான்கு மட்டும் சிறைக்கதவு பூட்டப்படுகிற இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது. அறுபதில் அறுபது தடவையும். டீச்சர் அல்லவா, அதோடு விடவில்லை. எங்கள் களஞ்சியத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் சோதனைக் குறிப்புகளையும் அலசி, ஒரு பட்டியல் போட்டு இணைத்திருந்தார். பேய் பங்களா, கப்பலின் அடித்தளம், வங்கிப் பெட்டக அறை, கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம். எழுதியவர்கள் வேறு, ஆட்டங்கள் வேறு. எல்லாவற்றிலும் கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்ட மறுநிமிடம் பதினான்கு நிறுத்தியிருக்கிறது.

நான் ஹேமலதா. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் செக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் "பகடைக்கூடம்" என்ற எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். என்ன சங்கம் என்று கேட்டால் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வோம். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பேசுவார்கள். சுவர் ஏற முடிந்ததா, பொய் பலித்ததா என்ற சந்தேகம் வந்தால் பகடையை உருட்டித் தீர்த்துக்கொள்வோம். எங்கள் மாமியார் சாகும்வரை இதைத் தாயக்கட்டை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட ஆட்டங்களைப் புதிதாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்குக் கைகொடுப்பதுதான் எங்கள் வேலை. மாதிரி விதிநூல்கள், வகுப்புகள், எழுதியதை ஆடிப் பார்க்க ஆட்கள்.

அந்த ஆட்கள்தான் பிரச்சினை. கோயமுத்தூரில் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். போடியில் ஒரு டீச்சர் எங்கே போவார்? அதற்காகத்தான் ஆல்வின் நிழல்களைச் செய்தான். ஆல்வின் எங்கள் பழைய ஆட்டக்காரன், சாஃப்ட்வேர்க்காரன், வாய் கொஞ்சம் குறைவு. ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை ஒன்று விடாமல் பதிவு செய்து வைத்திருந்தோம். அந்தப் பதிவுகளைக் கொடுத்து, எங்களில் இருபத்திரண்டு பேரைப் போலவே யோசித்து, பேசி, சண்டை போட்டு ஆடுகிற நிழல்களை அவன் உருவாக்கினான். பெயர் கிடையாது, எண் மட்டும். சங்கத்தில் சேரும்போதே பதிவுகளைப் பயன்படுத்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தோம், அதில் குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் ஆகிறது. செங்கோட்டையிலும் ஓசூரிலும் இருப்பவர்கள் கூட வீட்டில் உட்கார்ந்தபடி எங்களோடு ஆடிப் பார்த்து நல்ல ஆட்டங்கள் எழுதினார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு விஷயம், அதற்குப் பிறகு எங்கள் கூடத்துக்கு யாரும் வருவதில்லை. எதற்கு வரவேண்டும்? எட்டு மேசையில் ஏழு சுவரோரம் மடக்கி வைத்திருக்கிறது.

கடிதத்தைப் படித்ததும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எந்த எண் யாருடையது என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது, செய்த ஆல்வினை விட்டால் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினான்கு, தாரணி.

தாரணி செத்து நான்கு வருடம் ஆகிறது.

*

காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் கூடம். ஞாயிறு மதியம் ஆல்வின் லேப்டாப்போடு வந்திருந்தான். மேசை மேல் ஒரு தாளும் இருந்தது. பதினான்கை நீக்குவதற்கான விண்ணப்பம். செயலாளர் கையெழுத்து வேண்டும்.

"கோளாறுன்னு போட்டுட்டேனுங்க்கா. நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிஞ்சுது."

"என்ன கோளாறுன்னு பாத்தியா?"

"பாத்தேன். மிஷின்ல கோளாறு எதுவும் இல்ல."

"அப்பறம்?"

"பதிவுல இருக்கறதத்தான் பண்ணுது." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ அப்படித்தான் ஆடியிருக்கா."

இங்கே நிறுத்து அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மேசையின் நடுவில் எப்போதும் ஒரு சிவப்பு அட்டை இருக்கும். கதை போகிற போக்கில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அந்த அட்டையைத் தொட்டால் போதும். அந்தக் காட்சி அப்படியே விடப்படும், கதை வேறு பக்கம் திரும்பும். ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த தடவை தொட மாட்டார்கள். நல்ல விதிதான். இன்றைக்கும் நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

தாரணி இரண்டு வருடம் எங்களோடு ஆடினாள். வடவள்ளியில் வீடு. கல்யாணமாகி வந்தவள். வாய் ஓயாமல் கிண்டல் பேசுவாள். எங்களுடைய அரக்கர்களுக்கெல்லாம் எங்கள் ஆபீஸ் மேனேஜர்களின் பெயரை வைத்துவிடுவாள், நான் சிரித்துச் சிரித்துக் கதை நடத்த முடியாமல் தவிப்பேன். அவள் அட்டையைத் தொட்டது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தொடும்போதெல்லாம் காட்சியை மாற்றினோம். ஏன் என்று கேட்கவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. நாங்கள் ஆட்டம் எழுதுகிறவர்கள். எங்கள் புத்தி எங்கே போகும்? ஒருத்தி தொட்டால் அந்த இடத்தில் எழுத்து சரியில்லை என்று அர்த்தம் செய்துகொண்டோம். வீட்டுக்குப் போய் அந்த இடத்தைத் திருத்தினோம். அடுத்த ஞாயிறு திருத்தியதைக் கொண்டுவந்து அவளிடமே ஆடிக் காட்டினோம்.

என் கதையைக் கேளுங்கள், இன்னும் கேவலம். பூட்டிய கதவு வரும் இடமெல்லாம் ஆட்டம் நின்றுபோவதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு தத்துவமே கண்டுபிடித்தேன். 'பூட்டு கதையின் எதிரி.' அதை வைத்து ஒரு ஆட்டம் எழுதினேன். எந்த வீட்டுக்கும் பூட்டோ தாழ்ப்பாளோ இல்லாத ஓர் ஊர். திருட வேண்டுமென்றால் கூட உள்ளே போய் வீட்டுக்காரரோடு பேசித்தான் ஆகவேண்டும். அந்த ஆட்டம்தான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பெங்களூரில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். இன்றைக்கும் புதியவர்களுக்கு முதல் வகுப்பில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், பூட்டாதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள் என்று. ஊருக்கு உபதேசம்!

அந்த ஆட்டம் அச்சாகி வந்த சமயத்தில் தாரணி வருவதை நிறுத்தியிருந்தாள். வீட்டில் வேலை என்றாள். ஏழு மாதம் கழித்து ஒரு செய்தி. வடவள்ளியில் மின்கசிவு, வீடு பற்றிக்கொண்டது, இளம்பெண் பலி. கணவன் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தான். பாதுகாப்புக்காகத்தான் தினமும் பூட்டுவேன் என்று போலீஸில் சொல்லியிருந்தான். பேப்பரில் வந்தது. நான் படித்தேன். அழுதேன். மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

பூட்டைப் பற்றி எனக்குத் தெரியும். அட்டையைப் பற்றியும் எனக்குத் தெரியும். நான்கு வருடமாக இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க போடியிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வரவேண்டியிருந்தது. அவர் தாரணியைப் பார்த்தது கூட இல்லை.

"ஆல்வின், அதைக் கேளு" என்றேன்.

"எதைங்க்கா?"

"அந்த நிழலை. ஏன் நிறுத்தறேன்னு கேளு. மேசை விதியை எடுத்துட்டுக் கேளு."

"அதுக்குத் தெரியாதுங்க்கா."

"அவளோட ரெண்டு வருசப் பேச்சு மொத்தமும் அதுக்குள்ள இருக்கில்ல?"

"மேசையில பேசினது இருக்கு. மேசையில அவ சொல்லாதது எப்படி இருக்கும்? நாம ஏன்னு கேட்டா ஏதோ ஒண்ணு சொல்லும். சொல்லாம இருக்காது, அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன். ஆனா அதைத் தாரணி சொன்னதா எடுத்துக்கக் கூடாது."

"சரி. கேக்க வேண்டாம். இன்னொண்ணு பண்ணு. நம்ம பழைய மேசையைப் போடு. நீ, நான், அவ, இன்னும் யார் யாரோ, எல்லார் நிழலும். அந்த வருசத்து ஆளுகளா இருக்கணும். அந்த பேய் பங்களா ஆட்டம். கேக்கக் கூடாதுங்கற விதி மட்டும் இல்லைன்னு வெச்சுக்கோ. ஆட விடு. நானூறு தடவை ஆட விடு."

"எதுக்குங்க்கா?"

"யாராவது கேக்கறமான்னு பாக்கணும். கேட்டா அவ என்ன சொல்லியிருப்பான்னு தெரியணும். நான் தெரிஞ்சுக்கணும் ஆல்வின், இல்லாட்டி எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்ட ஆரம்பித்தான்.

நானூறு ஆட்டம் முடிய நாற்பது நிமிடம் ஆனது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ரேடியோ போட்டிருந்தார். நான் எழுந்து போய் மடக்கி வைத்திருந்த மேசைகளில் தூசி தட்டினேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

"முடிஞ்சுதுங்க்கா."

"எத்தனை தடவை கேட்டோம்?"

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். நானூறு ஆட்டத்திலும் கதவு பூட்டப்பட்டிருந்தது. நானூறிலும் தாரணி அட்டையைத் தொட்டிருந்தாள். கேட்டவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம்.

"விதியை எடுத்துட்டியா நெசமாவே?"

"எடுத்துட்டேன். நீங்க ஆட்டத்தை மாத்தறீங்க. நான் பகடையை எடுத்து வெக்கறேன். நானூறு தடவையும் அதேதான்."

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை, வாய் தவறிக்கூட, என்னைப் போலச் செய்த அந்தப் பொம்மை கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு அதன் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. பிறகுதான் புரிந்தது, நான் கேட்டதே இல்லை, அதனால் அதற்குக் கேட்கத் தெரியவில்லை. மேசையில் கேட்கக் கூடாது என்றுதான் விதி இருந்தது. படியிறங்கும்போது கேட்கக் கூடாது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. டீக்கடையில் கேட்கக் கூடாது என்று எழுதி வைக்கவில்லை. நல்ல விதி ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டோம். இதைத்தான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என் நிழல் வாயில அந்தக் கேள்வியை நீயே வெய்யி" என்றேன். "ஆட்டம் முடிஞ்சதுக்கு அப்பறம். நான் கேக்கற மாதிரியே. 'ஏன் தாரணி, கதவைப் பூட்டினா ஏன் நிறுத்தறே?'"

"வேண்டாமுங்க்கா."

"வெய்யின்னு சொல்றேன்!"

என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. ஆல்வின் தட்டினான். இந்தத் தடவை ஒலியோடு போட்டான். அதுவரை எழுத்தாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் என் குரல், நாலைந்து வருடத்துக்கு முந்தைய என் குரல், அந்தக் கேள்வியைக் கேட்டது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு தாரணி.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க ஆடுங்க."

நான் அழுதுவிட்டேன். துக்கத்தால் என்று சொன்னால் அது பொய். நிம்மதியால் அழுதேன். ஒண்ணுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். நான் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டு விஷயத்தை எந்தப் பெண் வெளியே சொல்கிறாள், நானே சொன்னேனா என்ன. என் கையில் எதுவும் இருந்திருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். 

ஆல்வின் லேப்டாப்பை மூடவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தான். தேடி முடித்து, திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"என்றா, என்னாச்சு?"

"இதைச் சொல்லாம விட்டர்லாம்னு பாக்கறேன். சொல்லாம விட்டா அதுவும் தப்பு." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "அது அவ பேச்சு இல்லீங்க்கா. ரெண்டு வருசப் பதிவுல அவ ஒரு தடவை கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. சரக்கு இல்லாத எடத்துல நிழல் பக்கத்துல இருக்கறவங்க பேச்சை எடுத்து வெச்சு நிரப்பிக்கும்."

"யார் பேச்சு அது?"

"உங்களுது. உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு நாள் கண்ணெல்லாம் செவந்து வந்தீங்க. 'ஒண்ணுமில்லப்பா, நீங்க ஆடுங்க'ன்னீங்க."

கீழே ரேடியோவில் ஏதோ விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. நான் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவ பேச்சு எதுப்பா? அவளா ஏதாவது சொன்னாளா? ஆட்டத்துல சொன்னது வேண்டாம். எங்கிட்ட. அட்டையைத் தொட்ட நாள்ல."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தேடினான். எங்கள் ரெக்கார்டரை அணைப்பது எப்போதும் ஆல்வின்தான், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு. அதனால் செருப்பு மாட்டும் சத்தம், படியில் பேசுகிற பேச்சு எல்லாமே பதிவில் உண்டு.

"ஒண்ணு இருக்கு. முப்பத்தோரு நாள் தொட்டிருக்கா. முப்பத்தோரு நாளும் கடைசியில உங்ககிட்ட இதையே கேட்டிருக்கா." படித்தான். "'அக்கா, நீங்க எந்தப் பக்கம் போறீங்க?'"

"நான் என்ன சொன்னேன்?"

"சிங்காநல்லூர்னு சொல்லியிருக்கீங்க. வேற ஒண்ணும் இல்ல. உங்க வண்டி ஸ்டார்ட் ஆகற சத்தம் இருக்கு."

சிங்காநல்லூர் கிழக்கே. வடவள்ளி மேற்கே. நான் எந்தப் பக்கம் போகிறேன் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த ஒன்றை ஒருத்தி மேலும் முப்பது தடவை கேட்டிருக்கிறாள். வண்டியின் பின்சீட்டு காலியாகத்தான் இருந்தது. 'ஏன் கேக்கறே, வர்றியா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏறியிருப்பாள். போகிற வழியில் சொல்லியிருப்பாள். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல இப்போது எந்த மிஷினாலும் முடியாது.

ஆல்வின் மேசை மேலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தான்.

"நீக்க வேண்டாமுங்க்கா. பாவம். இதுல மட்டுந்தான் அவ கொஞ்சம் மிச்சம் இருக்கா. போடி டீச்சருக்கு வேற நிழல் கொடுத்தர்லாம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கிண்டல், அந்தச் சிரிப்பு, அரக்கர்களுக்கு மேனேஜர் பெயர் வைக்கிற குறும்பு, வேறு எங்கே இருக்கிறது? அவள் போட்டோ கூட என்னிடம் ஒழுங்காக இல்லை. தாளை அவன் பக்கம் தள்ளிவிடலாம் என்று கை நீட்டியவள், பாதியில் நிறுத்தினேன்.

"ஆல்வின், இந்த மூணு வருசத்துல பதினாலை எத்தனை பேர் ஆட விட்டிருக்காங்க?"

"எல்லாருந்தான். நல்லா ஆடற நிழல் அது."

"கதவைப் பூட்டினது எத்தனை தடவை?"

அவன் எண்ணிப் பார்க்கவில்லை. மிஷின் எண்ணிச் சொன்னது. பதினோராயிரத்துச் சொச்சம்.

பதினோராயிரம் தடவை முன்பின் தெரியாதவர்கள் அவளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பதினோராயிரம் தடவை அவள் அட்டையைத் தொட்டிருக்கிறாள். அவர்களும் எங்களைப் போலவே நல்லவர்கள். ஏன் என்று கேட்காமல், எழுத்தில் குறை என்று நினைத்து, திருத்தி எழுதி, மறுபடி பூட்டியிருக்கிறார்கள்.

அது தாரணி இல்லை, வெறும் நிழல், அதற்கு வலிக்காது என்று ஆல்வின் சொன்னான். இருக்கலாம். உயிரோடு இருந்தவளுக்கு வலிக்கிறதா என்றே தெரியாமல் இருந்தவள் நான், நிழலுக்கு வலிக்குமா வலிக்காதா என்று எனக்கு என்ன தெரியும்?

"பேனா கொடு" என்றேன்.

விண்ணப்பத்தில் 'நீக்கக் காரணம்' என்ற கட்டத்தில் ஆல்வின் 'கோளாறு' என்று எழுதியிருந்தான். அதை அடித்தேன். பக்கத்தில் இடம் கொஞ்சமாகத்தான் இருந்தது. பொடி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

'ஆட்டக்காரர் பலமுறை நிறுத்தச் சொல்லிவிட்டார்.'